எதிர்வீட்டுக்கு நான்கு கிலோமீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று சாலையின் நடுவில் இருந்த இடைவெளியை அடைத்துவிட்டார்கள். காலையில் கிரேன் வந்தது. சிமென்ட் கட்டைகளை வரிசையாக இறக்கிவிட்டுப் போய்விட்டது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பஞ்சவர்ணம்தான் செய்தி கொண்டுவந்தாள். "டீச்சரம்மா, இனிமே அந்தப் பக்கம் போக முடியாதாம்."

முடியாது என்பது தவறான சொல் என்று அவளிடம் சொன்னேன். ரயில்வே மேம்பாலம் கட்டி முடியும்வரை சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான். கிழக்கே தண்டவாளம். அங்கே இரும்பு வேலி போட்டாகிவிட்டது. மேற்கே புறவழிச்சாலைச் சந்திப்புவரை போனால் மறுபக்கம் திரும்ப வழி இருக்கிறது. வழி இருக்கும்போது முடியாது என்று சொல்லக் கூடாது.

எதிர்வீட்டு மாடியில் அண்ணி இருக்கிறார். காலஞ்சென்ற என் கணவர் ஞானாதிக்கத்தின் அக்கா, அமலோற்பவம். அவருக்கு எண்பத்திரண்டு, எனக்கு எழுபத்தாறு. பல ஆண்டுகளாக அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் தூசி தாங்காமல் காலி செய்துவிட்டார்கள். பக்கத்துக் கடைகளைச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் அவர் மட்டும்தான்.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. வாசல் விளக்கைப் போட்டேன். சற்று நேரத்தில் எதிர்மாடி முகப்பில் அண்ணியின் விளக்கு எரிந்தது. மணி அவருக்குக் கேட்காது. என் விளக்கைப் பார்த்துத்தான் மாலை ஜெபத்துக்கு நேரமானதைத் தெரிந்துகொள்வார். உடனே தன் விளக்கையும் போடுவார். இது அவராக ஏற்படுத்திக்கொண்ட பழக்கம். நான் விளக்குப் போடுவது வாசற்படி தெரிவதற்காக.

ஜூன் 8, ஞாயிறு

தூய ஆவியார் பெருவிழா. பூசைக்கு அண்ணி வரவில்லை. கோயில் எங்கள் பக்கத்தில் இருக்கிறது.

பூசை முடிந்ததும் ஆட்டோவில் போனேன். முதல் ஆட்டோக்காரர், "இங்கேருந்தே தெரியுதேம்மா, அதுக்கா ஆட்டோ?" என்று கேட்டுவிட்டு, சுற்ற வேண்டும் என்றதும் வரமாட்டேன் என்றார். இரண்டாமவர் வந்தார். வண்டியின் மானியைக் கவனித்துக்கொண்டே போனேன். மூன்று புள்ளி ஒன்பது கிலோமீட்டர்.

மீன் குழம்பும் இடியாப்பமும் எடுத்துப் போயிருந்தேன். குழம்பு ஆறியிருந்தது. கதவைத் திறந்த அண்ணி என் பையைப் பார்த்துச் சிரித்தார். "ஏ கான்வென்ட்டு, கப்பல்லயா வந்தே?" ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பெயர்தான். காது போன பிறகு அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார்.

ஏன் பூசைக்கு வரவில்லை என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். அவருடன் பேசுவது இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதே மறந்துபோச்சு என்றார். பூசைக்குக் கட்டும் பட்டுக்கரைச் சேலையைத்தான் கட்டியிருந்தார். வாசலில் கிடந்த செருப்பில் சாலையின் செம்மண் அப்பியிருந்தது. நான் மேற்கொண்டு எழுதவில்லை.

ஜூன் 9, திங்கள்

துவைத்த துணிகளெல்லாம் காய்வதற்குள் அழுக்காகின்றன. பஞ்சவர்ணத்திடம் உள்ளேயே கொடி கட்டச் சொன்னேன்.

நான் படித்த அதே கான்வென்ட்டில் முப்பத்தொரு ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தேன். இயக்கம் என்ற பாடத்தை ஒவ்வொரு ஆண்டும் ஒரே விதமாகத்தான் தொடங்குவேன். நாம் கடந்த பாதையின் முழு நீளம் தொலைவு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோடு இழுத்து அளந்தால் இடப்பெயர்ச்சி. அதற்குத் திசையும் சொல்ல வேண்டும். மைதானத்தை ஒருமுறை சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றால் தொலைவு நானூறு மீட்டர், இடப்பெயர்ச்சி சுழி. "இவ்வளவு ஓடியும் சுழியா மிஸ்?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். சுழிதான். வேர்வைக்கு இயற்பியலில் மதிப்பெண் கிடையாது என்பேன். வகுப்பு சிரிக்கும்.

நேற்று என் வீட்டிலிருந்து அண்ணி வீட்டுக்கு இடப்பெயர்ச்சி, வடக்கே ஐம்பது மீட்டருக்கும் குறைவு. தொலைவு 3.9 கிலோமீட்டர். திரும்பி வந்ததையும் சேர்த்தால் தொலைவு 7.8, இடப்பெயர்ச்சி சுழி.

இரவு முழுவதும் முதுகு வலித்தது. ஆட்டோ குலுக்கல்.

ஜூன் 17, செவ்வாய்

சாலைத் திட்ட அலுவலகம் என்பது ரயில் பாதைக்கருகில் ஒரு தகரக் கொட்டகை. பொறுப்புப் பொறியாளர் பெயர் கோகுலநாதன். மரியாதையானவர். நாற்காலி கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

மக்கள் நடந்து கடக்க ஒரு சுரங்கப்பாதை வேண்டும் என்று கேட்டேன். ஆய்வறிக்கையின்படி இந்த இடத்தில் தேவையில்லை என்றார். அறிக்கையைக் காட்டச் சொன்னேன். கணினியில் காட்டினார். "இரு பக்கக் குடியிருப்புகளுக்கும் இடையிலான தொலைவு: 46 மீட்டர். பாதிப்பு: இல்லை."

இது தொலைவு அல்ல, இடப்பெயர்ச்சி என்றேன். தொலைவு 3.9 கிலோமீட்டர்.

"மேடம், தப்பா எதுவும் போடல. மேப்புல ரெண்டு புள்ளி வெச்சு கோடு இழுத்தா நாப்பத்தாறுதான் வருது."

"அந்தக் கோட்டு மேல நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

சிரித்துவிட்டார். பிறகு, சிரித்தது தவறோ என்று நினைத்தவர்போல எனக்குத் தேநீர் வரவழைத்தார். "அது ஃபார்மேட் மேடம். அந்தக் கட்டத்துல ஒரு நம்பர்தான் போட முடியும்."

அப்படியானால் சரியான எண்ணைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேநீரில் சர்க்கரை அதிகம்.

ஜூன் 30, திங்கள்

ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். மனுவை ஆங்கிலத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தமிழ் மனுவில் படம் வரைந்து, என் வீட்டுக்கு அ என்றும் அண்ணி வீட்டுக்கு ஆ என்றும் பெயரிட்டு, நேர்கோட்டைப் புள்ளிகளாலும் நடக்கும் வழியை முழுக்கோட்டாலும் காட்டியிருந்தேன். ஒரு சிறுமிகூடப் புரிந்துகொள்வாள்.

வெயிலில் நெடுநேரம் நின்றேன். முதியோருக்குத் தனி வரிசை உண்டு என்று ஒரு காவலர் வந்து கூப்பிட்டார். என்னை எதற்குத் தனியாக நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். பிறகு போனேன்.

ரசீது கொடுத்தார்கள்.

ஜூலை 11, வெள்ளி

மேம்பாலச் சுவர் எங்கள் வாசலுக்கு நேரே எழும்பிவிட்டது. ஆறு மணிக்கு விளக்குப் போட்டேன். எதிரே சுவர்.

ஜூலை 14, திங்கள்

மின்பணியாளரை வரவழைத்து மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் ஒரு விளக்கு போடச் செய்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பதற்கு மாடியில் வெளிச்சம் இல்லாமல் சிரமமாக இருந்தது. சுவிட்சைக் கீழே வைக்கச் சொன்னேன்; சுவரை உடைக்க வேண்டும் என்றார். மாடிப்படியின் உச்சியில் வைத்துவிட்டார்.

ஆறு மணிக்கு மேலே ஏறிப் போட்டேன். சுவரின் விளிம்புக்கு மேலே எதிர்மாடியின் நெற்றி மட்டும் தெரிந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கொசு பிடுங்கியது. இறங்கிவிடலாம் என்று நினைத்தபோது அண்ணியின் விளக்கு எரிந்தது. அவருடைய தலையும், தலைக்கு மேல் ஆட்டிய கையும் தெரிந்தன. ஏதோ கத்தினார். ஜல்லி லாரியின் சத்தத்தில் கேட்கவில்லை. கான்வென்ட்டு என்பதாகத்தான் இருக்கும்.

நான் கையை ஆட்டவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்திருந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஆட்சியர் அலுவலகம் மனுவைச் சாலைத் திட்ட அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவர்கள் ஆய்வறிக்கையைப் பார்த்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். "மனுதாரர் குறிப்பிடும் அ, ஆ ஆகிய இடங்களுக்கு இடையிலான தொலைவு 46 மீட்டர் மட்டுமே என்பதால் சுரங்கப்பாதைக்கான தேவை எழவில்லை." கையெழுத்து கோகுலநாதன்.

என் படத்திலிருந்து அ, ஆ இரண்டையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டை விட்டுவிட்டார்கள்.

பஞ்சவர்ணம், "யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கலாம்ல டீச்சரம்மா" என்றாள். யாரிடம் என்று கேட்டேன். பாத்திரம் கழுவப் போனாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பாயசம் வைத்தேன். ஆட்டோ கிடைக்க மதியமாகிவிட்டது. அண்ணியின் வீட்டுச் சுவரில் வாசல் நிலைக்கு மேல் ஒரு விரிசல். கண்ணில் படாமல் இருக்க அந்தோணியார் படத்தைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருக்கிறார்.

அவருடைய மகன் பெலிக்ஸ் ஓசூரிலிருந்து வந்துபோனானாம். தன்னோடு வந்துவிடச் சொல்லி மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தமுறை ஒரு நிபந்தனையோடு போயிருக்கிறான். எங்கள் இருவரில் யாருக்காவது ஏதாவது ஒன்று ஆனால் மறுநாளே கார் வந்து நிற்கும், அதற்குப் பிறகு பேச்சே கிடையாது என்று அம்மாவுக்கு எழுதியே காட்டியிருக்கிறான். நல்ல பையன்தான். எழுத்துத்தான் கோழி கிண்டியதுபோல இருக்கும்.

போய்விடலாமே என்று எழுதினேன். வசதியான வீடு, லிஃப்ட் இருக்கிறது.

அண்ணி தாளை மடித்துப் பாயசக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தார். "அங்க போயி நான் யாருக்கு வெளக்குப் போட?" என்றார். பிறகு, "சேமியா கொழைஞ்சு போச்சுடி. கான்வென்ட்டுல சமையல் சொல்லித் தரலை போல" என்றார்.

சேமியா குழையவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

மழை. மாடிப்படியில் சற்று சறுக்கியது. பெரிதாக ஒன்றுமில்லை. விளக்குப் போட முடியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் பஞ்சவர்ணம் வரும்வரை நாற்காலியிலேயே இருந்தேன். இருக்கை அகலமானது, வசதிதான்.

செப்டம்பர் 6, சனி

கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு. ஆறு வாரம் படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்தப் படி என்று கேட்டேன். எந்தப் படியும் என்றார்.

பஞ்சவர்ணம் காலையில் மட்டுமே வருகிறாள். மாலையில் அவளுக்கு வேறு இரண்டு வீடுகள். இன்று கிளம்பும்போது, "மேல வெளக்கப் போட்டு வெச்சிட்டுப் போகவா? எரிஞ்சுக்கிட்டே கெடக்கட்டும்" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். எப்போதும் எரிகிற விளக்கு எதையும் சொல்லாது. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறினால்தான் அது செய்தி. பகலெல்லாம் எரியும் விளக்கைப் பார்த்து யார் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? இதை அவளுக்கு விளக்கினேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டாள்.

மாலையில் பெலிக்ஸ் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான சனிக்கிழமை அழைப்பு. நலம் என்றேன். பொய் அல்ல. கால் தவிர மற்ற எல்லாம் நலம்தான். ஒரு கணுக்காலுக்காக அவன் கார் எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. திருமணத்துக்குப் பின் இதுவே இரண்டாவது முறை.

அண்ணியின் கைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. காது கேட்காதவருக்கு ஏன் அழைத்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எண் இன்னும் செயல்படுகிறதா என்று பார்த்தேன். குறுஞ்செய்தியும் அனுப்பினேன். அந்தப் பொடி எழுத்தை அவர் படிப்பதில்லை.

நாளை காலை பஞ்சவர்ணம் வந்ததும் ஆட்டோ பிடித்து அவளை அனுப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டேன். "லேசான சறுக்கல். கவலை வேண்டாம். விளக்கு தற்காலிகமாக இல்லை."

ஆறு மணிக்கு மணி அடித்தது. நான்காவது மாலை.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். பஞ்சவர்ணம் வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவுக்கு இன்னும் சொல்லவில்லை. வெளியே கேட்டைத் தட்டும் சத்தம். அவள் போய்த் திறந்தாள். நான் கூடத்தில் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வாசல் தெரியாது. குரல் மட்டும் கேட்டது. தெருவுக்கே கேட்கும் குரல்.

"எப்ப எடுக்குறாங்க?"

அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. "சாமியாருக்குச் சொல்லியாச்சா? பெட்டி வந்துருச்சா?"

பிறகு அண்ணி உள்ளே வந்தார். வெள்ளைச் சேலை. கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி. தோளில் அவர் தொட்டியில் வளர்க்கும் நந்தியாவட்டைப் பூக்களைக் கோத்த மாலை. பூக்களில் பாதி உதிர்ந்து நாரும் காம்பும்தான் இருந்தன. முழங்கால்வரை செம்மண். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து நின்றார். நானும் பார்த்தேன். அவர் முகம் முதலில் சும்மா இருந்தது. பிறகு கோபம் வந்தது.

"உசுரோட உக்காந்துக்கிட்டு வெளக்கப் போடாம இருந்தியாடி?"

காலைக் காட்டினேன். அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். தன் தோளிலிருந்த மாலையைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் இரு அறைகளுக்கு நடுவிலிருந்த மாதா சுரூபத்தின் கழுத்தில் போட்டார். "இன்னைக்கி ஒம் பொறந்தநாளு, நீயே வெச்சுக்க" என்று மாதாவிடம் சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

நடந்தே வந்திருக்கிறார். விடியும்முன் புறப்பட்டவர். லாரிகளுக்கு ஓரமாக, சந்திப்புவரை போய், திரும்பி வந்திருக்கிறார். வழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்தாராம். சந்திப்பில் ரோந்து வண்டிக்காரர்கள் நிறுத்தி என்னவோ கேட்டார்களாம். என்ன கேட்டார்கள் என்று தெரியாததால், "எழவுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். யாரோ ஒருவன் கைபேசியில் படம் எடுத்தானாம்.

பஞ்சவர்ணம் வெந்நீர் வைத்து அவர் கால்களைக் கழுவினாள். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. நான் குனிய முடியாத நிலையில் இருந்ததால் துண்டைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் ரசமும் கருவாடும். அண்ணி நன்றாகச் சாப்பிட்டார். நான் செத்திருந்தால் என்னென்ன செய்திருப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் நீலப் பட்டைத்தான் உடுத்தச் சொல்லியிருப்பாராம். அது எனக்குப் பிடிக்காது என்று எழுதினேன். "அப்ப ஒன்ன யாரு கேக்கப் போறா?" என்றார்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. அண்ணி என்னருகில் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே போட வேண்டிய விளக்கு எதுவும் இன்று இல்லை. அவர் கையைத் தொட்டேன். அவர் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார், சிலுவை போட்டுக்கொண்டார். ஜெபம் முடிந்த பிறகும் கையை எடுக்க மறந்திருந்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பகல் பதினொரு மணிக்குப் பெலிக்ஸ் வந்துவிட்டான். படம் அவனுடைய பள்ளித் தோழன் ஒருவனுக்கு வந்து, அவன் இவனுக்கு அனுப்பியிருக்கிறான். என்னிடம் காட்டினான். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், கலைந்த தலையோடு ஒரு கிழவி தோளில் மாலையோடு நிற்கிறாள். "வழி தெரியாமல் அலையும் இந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் பகிரவும்."

அலையவில்லை, வந்தார் என்றேன். இதுதான் வழி.

பெலிக்ஸ் என் எதிரில் உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்காமல் விடியும்முன் கார் எடுத்தவன். குரலை உயர்த்தவில்லை. "எதிர்வீட்டுக்குப் போறதுக்கு யாராவது நாலு கிலோமீட்டர் நடப்பாங்களா, அத்தை?"

தாளை எடுத்து இரண்டு புள்ளிகள் வைத்தேன். இடையில் சுவரை வரைந்தேன். சந்திப்பை வரைந்தேன். தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று சொன்னேன். உன் அம்மாவுக்கு அறிவு தெளிவாக இருக்கிறது. இந்த ஊரில் தொலைவை ஒழுங்காக அறிந்தவர் அவர் ஒருவர்தான் என்றேன். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். வகுப்பில் கவனிக்காத பெண்கள் கவனிப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த முகம்.

"அது சரிதான் அத்தை. ஆனா ஏன் வந்தாங்க? நீங்க செத்துப் போயிட்டதா நெனச்சு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அதற்குக் காரணம் விளக்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டான். பழுதாகிவிட்டது என்றேன். "கால்?" என்றான். குளியலறையில் வழுக்கியது என்றேன். பஞ்சவர்ணம் அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

என்னையும் வரச் சொன்னான். கீழ்த்தளத்திலேயே ஓர் அறை இருக்கிறதாம். உண்மையாகத்தான் கேட்டான். எனக்கு என் வீடு இருக்கிறது என்றேன்.

இதெல்லாம் பேசும்போது அண்ணி எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா பேசுறீங்க? எனக்கும் சொல்லுங்கடா" என்றார். பெலிக்ஸின் எழுத்து அவருக்குப் புரியாது என்பதால் நான்தான் எழுதினேன். "பெலிக்ஸ் உங்களை ஓசூருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறான்."

அண்ணி படித்தார். மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொன்னே?"

தாளில் இன்னும் இடம் இருந்தது. பெலிக்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் தன் மகனோடு போவதா வேண்டாமா என்பதில் பிறர் தலையிடுவது முறையல்ல. "உங்கள் விருப்பம்" என்று எழுதினேன்.

அண்ணி அதை நெடுநேரம் படித்தார். இரண்டே சொற்கள்.

"அப்ப சரி" என்றார்.

செப்டம்பர் 10, புதன்

நேற்று மாலையே அண்ணியைச் சாமான் கட்டுவதற்காக அந்தப் பக்கம் அழைத்துப் போய்விட்டான். இன்று காலை புறப்பாடு. போகும்போது இங்கே வந்து சொல்லிக்கொண்டு போவார்கள் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சவர்ணத்தை வைத்துச் சேமியா பாயசம் செய்து பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பெலிக்ஸின் அழைப்பு. "அத்தை, சந்திப்புக்கு வந்துட்டோம். உங்க வீட்டுக்குச் சுத்தி வரணும், ரெண்டு பக்கமும் லாரி நிக்குது, வெயிலுக்கு முன்னாடி கரூரத் தாண்டிரலாம்னு பாக்குறேன். கோவிச்சுக்காதீங்க."

சரி என்றேன். நியாயம்தான். போய்த் திரும்ப நான்கு கிலோமீட்டர்.

"அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றான். தொலைபேசியில் அவருக்கு என்ன சொல்வது? பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "கான்வென்ட்டா? கால ஊணிராதேன்னு சொல்லு."

பாயசத்தைப் பஞ்சவர்ணம் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

பழைய பள்ளி அட்லஸை எடுத்து அளவுகோல் வைத்துப் பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து ஓசூர் நேர்கோட்டில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. திசை, வடக்குக்கும் வடமேற்குக்கும் இடையே.

அலமாரியில் பாச்சை உருண்டை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கோகுலநாதன் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை நடக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், அது எனக்குப் பிடித்தது. மேலதிகாரிகளிடம் என் மனுவைப் பற்றி மறுபடி பேசினாராம். அடுத்த கட்டப் பணியில் ஒரு நடைபாதை சேர்க்க வாய்ப்பிருக்கிறதாம், உறுதி சொல்ல முடியாதாம். அறிக்கையிலும் அந்தக் கட்டத்தைத் திருத்தி 3.9 கிலோமீட்டர் என்று போடச் சொல்லி எழுதிவிட்டாராம்.

நன்றி சொன்னேன். அலகு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். போட்டிருப்பதாகச் சொன்னார்.

போகும்போது வாசலில் நின்று மேலே பார்த்தார். "மேடம், மாடியில லைட் பகல்லயும் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பத்து நாளா பாக்குறேன். மறந்துட்டீங்கன்னு நெனைக்கிறேன். நான் போயி அணைச்சுட்டு வரவா?"

அண்ணி போன மறுநாள் நான் சொல்லித்தான் பஞ்சவர்ணம் மேலே ஏறி அதைப் போட்டுவைத்தாள். எதிர்மாடிக் கதவு பூட்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். முகப்பு விளக்கைக்கூடக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்களாம்.

வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அந்தச் சுவிட்ச் மாடிப்படியின் உச்சியில் இருக்கிறது. ஆறு வாரம் படி ஏறக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அணைத்துவிட்டால், மாலையில் மறுபடி போடுவதற்கு ஆள் இல்லை.